பேர்போன புயல்

மொசாம்பிக் கரையை அது கடந்த அன்று
எங்கள் சந்தையில் எல்லாரும்
எனெலேசியைத்தான் கேட்டார்கள்:
"மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம், அக்கா?
இன்றைக்கு எந்த ஊர்க் கூரை?"
கருவாட்டுக் கூடையை
என் வாடகை சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டே
அவள் சொன்னாள்:
"தாவுசி மிதிக்கிற வேகம்தான் என் வேகம்."

அவள் பெயரைத்தான் வைத்திருந்தார்கள் புயலுக்கு.
யாரோ, எங்கோ, ஏதோ பட்டியலிலிருந்து.
அவளைக் கேட்கவில்லை.

கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றினோம்.
பள்ளிக்கூட மணியை இறக்கித் துணியில் சுற்றினோம்.
ஆட்டை உள்ளே கட்டினோம்.
காற்று வரவில்லை.
ஒரு வாழையிலைகூடக் கிழியவில்லை.
இரவு ரேடியோ சொன்னது:
நிலத்தில் ஏறியதும் வலுவிழந்துவிட்டது,
இனி அது புயல் இல்லை, வெறும் தாழ்வுப் பகுதி,
இனி அதற்குப் பெயர் கிடையாது.
சுவருக்கு அப்பாலிருந்து எனெலேசி கத்தினாள்:
"திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்!"
சிரித்தபடியே தூங்கப் போனோம்.

பெயர் இல்லாதது நடந்து வந்தது.
அதற்கு அவசரமே இல்லை.
மலைக்கும் ஆற்றுக்கும் நடுவில்
எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்துகொண்டது,
கடன் கேட்டு வந்தவன்
வாசலை விட்டு எழாததுபோல.
முதல் நாள் பெய்தது; மக்காச்சோளத்துக்கு நல்லது என்றோம்.
இரண்டாம் நாள் பெய்தது; ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் இரவு
மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம்.
மலை கல் உருட்டுகிற சத்தம்.

ஷிரே ஆறு ஏறி வரும் என்று
பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
தண்ணீர் மேலிருந்து வந்தது,
சிவப்பாக, பாதி மண்ணாக,
வேரோடு ஒரு மாமரம்,
யார் வீட்டு மர உரலோ புரண்டு புரண்டு.

நான் சைக்கிளைத் தலையில் தூக்கினேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது.
ஆட்டை விட்டேன், சைக்கிளைத் தூக்கினேன்.
எனெலேசி தன் வீட்டுக் கதவைக் கழற்றினாள்.
எப்படி என்று பிறகு கேட்டேன்.
"கீல் துருப்பிடித்திருந்தது. உன்னிடம்
எண்ணெய் கேட்டு ஆறு மாதம் ஆகிறது."
கதவின் மேல்
பக்கத்து வீட்டு ஃபனிசோவும் அவன் தங்கையும்.
தண்ணீருக்கு மேல் அவள் தலை மட்டும்.
மேட்டுத் தேவாலயம் வரைக்கும்
தள்ளிக்கொண்டே போனாள்.
பிள்ளைகளின் தாய் லெக்சினா
பின்னால் வந்துகொண்டிருந்தாள்.
வந்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள், கண் கூசும் வெயில்.
கூடாரத்தில் மேசை போட்டு எழுதினார்கள்.
பெயர், எத்தனை பேர், என்னென்ன போனது.
"எனெலேசி."
எழுதுகிறவனின் பேனா நின்றது.
வரிசையும் நின்றது.
பின்னால் யாரோ காறித் துப்பினார்கள்.
"வேறு பெயர் உண்டா, அம்மா?
ஞானஸ்நானப் பெயர், ஏதாவது?"
"முப்பத்தெட்டு வருஷமாக இதுதான்."
அவன் எழுதினான், சின்ன எழுத்தில்.
"எத்தனை பேர்?"
அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.
"மூன்று."
"என்ன போனது?"
"வீடு. கதவு இருக்கிறது."

என் சைக்கிள் மணிக்குள் சேறு காய்ந்திருந்தது.
அடித்தால், நாக்கு தடித்தவன் பேசுவதுபோல் ஒரு சத்தம்.
மறுநாள் காலை
கூடை இல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.
"எங்கே?"
"சந்தைக்கு."
"சந்தை இல்லையே."
"இருந்த இடத்துக்கு" என்றாள்.
"மெதுவாகப் போ."